கஸ்பருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஸ்பீடோமீற்றர்

மிட்சம், லண்டன்
12 ஆனி 1993

என்றும் என் மதிப்புக்குரிய தில்லையம்பலம் அத்தான் அவர்களுக்கு,

குலசேகரம் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் ரொறன்ரோவில் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் சிவனேஸ்வரியும் உடம்பளவில் சுகம். மனதளவில் சுகமா என்று கேட்டால், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் அக்கா இடையில் வந்து அங்கே மழையா வெயிலா என்று விசாரிப்பா, பிறகு விஷயம் அந்த மழையோடு போய்விடும். ஆகவே தயவுசெய்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக இதை வாசித்து, கடைசியில் நான் கேட்கும் கேள்விக்கு ஒரு வரியில் தீர்ப்பு எழுதி அனுப்பும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். சீமெந்துத் தொழிற்சாலையில் மெஷின் பகுதி முழுவதற்கும் பொறுப்பாக இருந்தவர் நீங்கள். உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படுவதாகக் கஸ்பரும் ஒத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் இந்த வருஷத்தில் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் இதுதான்.

கஸ்பரை உங்களுக்குத் தெரியாது. மன்னார்ப் பக்கத்து ஆள், கத்தோலிக்கர். நான் எண்பத்தைந்தில் இங்கே வந்து இறங்கியபோது ஒரே அறையில், ஒரு சின்ன ஹீற்றருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இப்போது எனக்குக் கவுன்சிலில் கிளாக்கர் வேலை, அவருக்கு மினிகாப் என்ற வாடகைக்கார் ஓட்டம். அவருடைய மனிசி இசபெலும் சிவனேஸ்வரியும் கூடப்பிறந்த சகோதரிகள் மாதிரி, அதாவது மாதத்தில் ஒருக்கால் கதைக்காமல் விடுவார்கள். இந்தக் கஸ்பரும் நானும் சேர்ந்து போன வருஷம் கிட் கார் ஒன்று செய்யத் தொடங்கினோம். கிட் கார் என்றால் பெட்டி பெட்டியாக வருகிற கார், அத்தான். பழைய கார் ஒன்றை எடுத்துக் கழற்றி, அதன் எஞ்சின், கியர்பொக்ஸ் எல்லாவற்றையும் புதிதாக வருகிற இரும்புச் சட்டத்திலை பூட்டி, மேலே பைபர் உடம்பை வைச்சு மூடுறது. இங்கத்தை வெள்ளையள் கன பேர் செய்யினம். கிழமை முழுக்க மற்றவையின்ரை காரிலை மற்றவை சொல்லுற இடத்துக்குப் போறன், ஞாயிற்றுக்கிழமையாவது என்ரை காரிலை நான் நினைச்ச இடத்துக்குப் போக வேணும் எண்டு கஸ்பர் சொன்னார். எனக்கும், கடுதாசியை இந்த மேசையிலை இருந்து அந்த மேசைக்குத் தள்ளித் தள்ளி அலுத்துப்போச்சு. தானாய் ஓடுற சாமான் ஒண்டு கையாலை செய்து பாக்க வேணும் போலை இருந்தது. சிவனேஸ் சொன்னா, ரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டின விசர் எண்டு.

எல்லாம் நல்லாத்தான் போனது. எங்கடை றோட்டு முடிவிலை நான் வாடகைக்கு எடுத்த கராஜுக்கை வைச்சு, ஒவ்வொரு சனியும் பூட்டிப் பூட்டி, பிரேக் பிடிக்குது, எஞ்சின் உறுமுது, பெயின்ற் அடிச்சாச்சு. நல்ல சிவப்பு. ரண்டு சீற், மேலை கூரை இல்லை. மிச்சம் இருந்தது ஸ்பீடோமீற்றர் மட்டும். அங்கைதான் வந்தது வினை. பழைய காரிலை இருந்து கழட்டின மீற்றர் என்னட்டை இருந்தது, மெக்கானிக்கல். உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, ஆனால் அக்காவும் வாசிப்பா எண்டபடியால் எழுதிறன்: கியர்பொக்ஸிலை இருந்து ஒரு கேபிள் வரும், அது சுத்தச் சுத்த மீற்றருக்குள்ளை ஒரு காந்தம் சுத்தும், காந்தம் ஒரு தகட்டை இழுக்கும், தகட்டோடை முள்ளு எழும்பும். கறன்ற் வேண்டாம், பற்றரி வேண்டாம். கறுப்பு முகம், வெள்ளை எழுத்து, சுத்திவர வெள்ளி வளையம், பாக்கவே ஒரு மரியாதை. நான் அதுக்கு அளவாய் டாஷ்போர்ட்டிலை ஒரு வட்டம் வெட்டி, அரத்தாலை ராவி, முட்டை மாதிரி வழுவழுப்பாக்கி வைச்சிருந்தன். கஸ்பர் ஒரு சனிக்கிழமை சின்னப் பெட்டி ஒண்டோடை வந்து, எலெக்ட்ரோனிக் மீற்றர்தான் பூட்ட வேணும் எண்டார். சில்லைச் சுத்துற தண்டிலை ஒரு காந்தம் ஒட்டி, பக்கத்திலை ஒரு கண் வைச்சால், அது எத்தினை தரம் சுத்துது எண்டு எண்ணி வயர் வழியாய் மீற்றருக்குச் சொல்லுமாம். சில்லு பெரிசு சிறிசு எண்டாலும் பிரச்சினை இல்லை, அளந்த தூரம் ஒருக்கால் ஓடிப் பட்டனை அமத்தினால் தானே கணக்குச் சரிபாக்குமாம். நான் கேட்டன், பற்றரி செத்தால் என்ன செய்வீர் எண்டு. பற்றரி செத்தால் காரும் நிண்டிடும், நிண்ட காருக்கு என்ன வேகம் எண்டு கேட்டார். பேச்சிலை அவரை வெல்லேலாது, அத்தான். கராஜ் என்ரை பேரிலை, வட்டம் வெட்டினதும் நான். என்ரை மீற்றரைத்தான் முதல் பூட்டினது.

சித்திரையிலை ஒரு சனி காலமை முதல் ஓட்டம். கஸ்பர் ஓட, நான் பக்கத்திலை. கேபிளைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேணும். பழைய காரிலை அது நேராய் வந்தது. இந்தக் காரிலை கியர்பொக்ஸ் டாஷ்போர்ட்டுக்குக் கிட்ட இருக்கிறபடியால் முழங்கை மடிச்ச மாதிரி மடிச்சுத்தான் செருகினனான். றோட்டிலை ஏறின உடனை மீற்றருக்குள்ளை இருந்து ஒரு கீச்சுச் சத்தம், முள்ளு இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையிலை காத்தடிச்ச கொடி மாதிரி ஆடுது. கஸ்பர் முகம் வெளிறிப் போச்சு. என்ன வேகம் எண்டு என்னைக் கேட்டார். நடுவிலை எடுத்துப் பாருமன் எண்டன். அவர் நடுவிலை எடுக்கேல்லை, மேல் நுனியைத்தான் எடுத்தார். அந்த ஐம்பது முப்பதுக்குக் கீழை வரும்வரைக்கும் காரை மெதுவாக்கினார். முப்பது மைல் எல்லை உள்ள றோட்டிலை நாங்கள் சைக்கிள் வேகத்திலை போறம், நான் சொல்லுறன் கொஞ்சம் அமத்தும், பின்னாலை கார் நிரையாய் நிக்குது எண்டு, அவர் உதட்டைக் கடிச்சுக்கொண்டு முள்ளையே பாத்துக்கொண்டு போறார். திரும்பிப் பாத்தன். நாலைஞ்சு கார், பட்டப்பகலிலை எல்லாம் லைற் போட்டபடி, ஒருதரும் ஹோர்ன் அடிக்கேல்லை. வெள்ளையளின்ரை பொறுமையை நினைச்சு நான் வியந்துபோனன். வழிவிடுவம் எண்டு கஸ்பர் ஒரு சின்ன றோட்டுக்குள்ளை திருப்பினார். அவையும் திரும்பினவை. இன்னொரு றோட்டு. அங்கையும் வந்தினம். கடைசியிலை கஸ்பர் ஓரமாய் நிப்பாட்ட, பின்னாலை எல்லாக் காரும் ஓரமாய் நிண்டது, முதல் காரிலை இருந்து கறுப்பு உடுப்போடை ஒரு கிழவி இறங்கி வந்து, இடுகாடு இதுதானோ எண்டு கேட்டா.

விளங்கினதோ, அத்தான்? சுத்துவட்டத்திலை நாங்கள் ஏறேக்கை பிரேதக் காருக்கும் அதுக்குப் பின்னாலை வந்த சொந்தக்காரருக்கும் நடுவிலை புகுந்திட்டம். பிரேதக் கார் எங்கடை ஆமை வேகத்துக்குக் கொஞ்சம் காத்துப் பாத்திட்டு முன்னாலை போயிட்டுது. அந்தச் சனங்கள் எங்களை ஊர்வலத்தின்ரை தலை எண்டு நினைச்சு மிட்சம் ஊர் முழுக்க எங்களுக்குப் பின்னாலை சுத்தியிருக்குதுகள். கஸ்பர் இறங்கி, தொப்பியைக் கழட்டி, அம்மா மன்னிக்க வேணும், நான் வழி காட்டுறன் எண்டு சொல்லி, மினிகாப்காரன் எண்டபடியால் குறுக்கு வழி தெரிஞ்சு, அவையை இடுகாட்டு வாசலிலை கொண்டுபோய் விட்டார். அங்கை பாதிரியார் ஒரு கையாலை மணிக்கூட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். நாங்கள் மெல்ல நழுவுவம் எண்டு பாத்தால், அந்தக் கிழவி கஸ்பற்றை கையைப் பிடிச்சு, போய்ச்சேந்தவருக்கு இந்தக் கார் பிடிச்சிருக்கும், நில்லுங்கோ எண்டு சொன்னா. பிறகு என்ன செய்யிறது. முன்பின் தெரியாத ஒரு மனிசனின்ரை குழிக்குப் பக்கத்திலை, கிறீஸ் பிடிச்ச உடுப்போடை, கஸ்பர் செபம் சொல்ல, நான் கையைக் கட்டிக்கொண்டு நிண்டன். எனக்கு உண்மையிலை கண் கலங்கிப்போச்சு, ஏனெண்டு தெரியாது.

எல்லாம் முடிஞ்சு காரடிக்கு வந்தாப்பிறகு நான் ஒரு சொல்லுத்தான் சொன்னனான், நாலு ஓட்டம் ஓடினால் கேபிள் பதம் வந்திடும், முள்ளு தானாய் நிண்டிடும் எண்டு. கஸ்பர் சத்தம் போடேல்லை. மெதுவாய்த்தான் சொன்னார். "உனக்கு இது விளையாட்டுச் சாமான். எனக்கு இது சோறு."

எட்டு வருஷமாய் நீர், உமக்கு எண்டு கதைச்ச மனிசன், அத்தான். முதல்முதலாய் நீ எண்டது இடுகாட்டு வாசலிலை. ஞாயிற்றுக்கிழமைக் காருக்கும் சோத்துக்கும் என்ன சம்பந்தம் எண்டு எனக்கு விளங்கேல்லை. விளங்காதபடியால் கோவம் வந்தது. சோறு சமைக்கிற மீற்றர் வேணுமெண்டால் அடுப்பிலை பூட்டும் எண்டு சொல்லிப்போட்டன். அவர் காரைக் கராஜிலை கொண்டுவந்து விட்டிட்டு, ஸ்டியரிங்கைக் கழட்டிக் கடைப் பையிலை போட்டுக்கொண்டு பஸ்ஸிலை வீட்டை போயிட்டார்.

அதுக்குப் பிறகு கன நாளாய்க் கதை பேச்சில்லை. கார் என்னட்டை, ஸ்டியரிங் அவரிட்டை. மோர்டனிலை ஒரு பெட்டையின்ரை சாமத்தியச் சடங்கிலை கண்டும் அவர் வடையைப் பாக்க நான் விளக்கைப் பாத்தன். இரவிலை நித்திரை வராது. கடைசியிலை சிவனேஸ் இசபெலோடை போனிலை கதைச்சு ஒரு சமாதானம் பேசினா. ஸ்டியரிங் திரும்பி வரும், பதிலுக்கு எலெக்ட்ரோனிக் மீற்றரை ஒருக்கால் பூட்டிப் பாக்க நான் விட வேணும். விட்டன். கஸ்பர் வந்து பூட்டினார். நான் வெட்டின வட்டத்துக்கு அது சின்னன். ஐஸ்கிறீம் பெட்டி மூடியிலை ஒரு வளையம் வெட்டி இடைவெளியை அடைச்சார். அரத்தாலை ராவி வைச்ச என்ரை டாஷ்போர்ட்டிலை ஐஸ்கிறீம் மூடி. எண்டாலும், அத்தான், தேத்தண்ணி போட்டுக் குடுத்தனான்.

வைகாசி கடைசியிலை ரண்டாவது ஓட்டம். நேர் றோட்டிலை அந்த முள்ளு நிண்ட நிலை, என்ன சொல்ல, சுவரிலை அடிச்ச ஆணி மாதிரி. முப்பது எண்டால் முப்பது. நான் முள்ளைப் பாக்காமல் ஐஸ்கிறீம் மூடியைப் பாத்தன். கஸ்பர் முகத்திலை கன நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு. கடைத்தெருவடியிலை இடது பக்கம் திரும்ப வேணும், அவர் சிக்னல் லைற்றைப் போட்டார். போட்டாரோ இல்லையோ, முள்ளு ஒரே பாய்ச்சலிலை தொண்ணூறு. விழுந்தது. திரும்பித் தொண்ணூறு. லைற் மின்ன மின்ன முள்ளு பாயுது. பயத்திலை வாழுற மனிசன் கண் முன்னாலை தொண்ணூறைக் கண்டால் என்ன செய்வான்? உள்ள பலம் எல்லாத்தையும் சேத்துப் பிரேக்கை அமத்தினார். நான் கண்ணாடியோடை போய் மோதினன். கார் நடுச் சந்தியிலை நிக்குது, முள்ளு மட்டும் தொண்ணூறிலை ஓடுது. காரணம் பிறகுதான் கண்டுபிடிச்சம். பைபர் உடம்பிலை கறன்ற் திரும்பிப் போக இரும்பு இல்லை, அதாலை லைற்றுக்கும் மீற்றருக்கும் சேத்து ஒரே ஒரு மெல்லிய வயரைத்தான் கஸ்பர் எர்த்துக்கு விட்டவர். லைற் ஒருக்கால் மின்னினால் மீற்றருக்குத் தலை சுத்தும். ஆனால் அந்த நேரம் காரணம் தேட ஆர் விட்டது. எங்களுக்குப் பின்னாலை நிண்டது பொலிஸ் கார்.

வந்தவன் ஒரு இளம் பொலிஸ்காரன், முகத்திலை ஒரு அசைவில்லை. என்ன வேகத்திலை வந்தனீர் எண்டு கேட்டான். கஸ்பருக்குப் பொய் வராது, அத்தான், அதுதான் அவற்றை வருத்தம். "நேரை போனால் இருபத்தைஞ்சு, சேர். இடது பக்கம் திரும்பினால் தொண்ணூறு," எண்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேணும். வரேல்லை, ஏனெண்டால் அவர் ரண்டு கையாலையும் ஸ்டியரிங்கை விடாமல் பிடிச்சபடி இருந்ததை நான் கண்டன். பொலிஸ்காரன் லைசென்ஸைக் கேட்டு வாங்கி விரிச்சு வரி வரியாய் வாசிச்சான். பிறகு, இதிலை இருக்கிற குற்றப் புள்ளியளோடை இன்னொண்டு சேந்தால் என்ன நடக்கும் எண்டு தெரியுமோ எண்டு கேட்டான். கஸ்பர் தலையைக் குனிஞ்சுகொண்டு, தெரியும், அது சேருறதுக்கு வாற வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போறன் எண்டார். நான் பக்கத்திலை இருந்து கேக்கிறன். எனக்கு அப்பதான் தெரியும்.

பொலிஸ்காரன் தானே ஏறி இருந்து லைற்றைப் போட்டுப் பாத்தான். நிண்ட காரிலை தொண்ணூறு. இறங்கி, இதைத் திருத்தாமல் றோட்டிலை காணக்கூடாது, இப்ப சிக்னல் போடாமல் கை காட்டிக்கொண்டு வீட்டை போங்கோ எண்டு விட்டான். நல்ல மனிசன். வீட்டுக்கு வரும்வரைக்கும் வலது திருப்பத்துக்கு அவர் கையை நீட்ட, இடது திருப்பத்துக்கு நான் கையை நீட்ட, ரண்டு செட்டையும் முறை வைச்சு அடிக்கிற கொக்கு மாதிரி வந்து சேந்தம். அந்த வழியிலைதான் கஸ்பர் எல்லாத்தையும் சொன்னார். தை மாதம் கொம்பனியின்ரை மினிகாப்பிலை போகேக்கை பொலிஸ் மறிச்சிருக்கு. மீற்றர் முப்பது காட்டினது, தான் முள்ளைப் பாத்துக்கொண்டுதான் ஓடினதாம். பொலிசின்ரை மெஷின் முப்பத்தெட்டு எண்டு சொல்லியிருக்கு. ஆரோ கழட்டிப் போட்ட பெரிய டயரை முதலாளி அந்தக் காருக்குப் பூட்டியிருந்தவர். டயர் பெரிசெண்டால் ஒரு சுத்திலை கூடத் தூரம் ஓடும், பாவம் மெக்கானிக்கல் மீற்றருக்கு அது தெரியாது. முந்தியும் மூண்டு தரம் பிடிபட்டதாலை இந்த முறையோடை லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் போனால் வேலை போயிடும், அவற்றை வயசிலை வேறை வேலை ஆர் குடுக்கிறது. மகள் கத்தரின் நர்ஸ் படிப்பிலை கடைசி வருஷம். இசபெலுக்குக்கூட அந்தக் கிழமைதான் சொல்லியிருந்தவர். முள்ளைக் கண்டால் எனக்கு நெஞ்சு அடைக்குது குலம் எண்டார். நான் அடுப்பிலை பூட்டச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. இப்ப எழுதவும் கை கூசுது.

வழக்கறிஞர் ஒரு சின்னப் பெடியன். மீற்றர் பிழையாய்க் காட்டும் எண்டு விளங்கச் சொல்ல ஒரு ஆள் வேணும், கொம்பனி மெக்கானிக் வரமாட்டன் எண்டிட்டான் எண்டு சொன்னான். கஸ்பர் என்னைக் கேக்கேல்லை. அவர் கேக்கமாட்டார். சிவனேஸ்தான் சோத்துக் கோப்பையை என்ரை முன்னாலை வைச்சுக்கொண்டு சொன்னா, "இஞ்சருங்கோ, ஆறு மாதமாய் இந்த வீட்டிலை மீற்றர் எண்டதைத் தவிர வேறை கதை இல்லை. அதை ஒருநாள் அங்கை போய்க் கதையுங்கோவன்." நான் அந்த மினிகாப்பை இரவலாய் வாங்கி ஓடிப் பாத்து, டயரை அளந்து, கவுன்சிலிலை லீவு எடுத்து, கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனன்.

அத்தான், நான் வாழ்க்கையிலை கோர்ட் ஏறினதில்லை. கூண்டிலை நிண்டு, மனோர் பார்க் கோயில் முருகனை மனசிலை நினைச்சுக்கொண்டு சத்தியம் பண்ணினன். டயர்க் கணக்கை நல்லாய்ச் சொன்னன். மேலை இருந்த மூண்டு நீதவான்மாரிலை நடுவிலை இருந்த அம்மா குறிப்பெடுத்தா. எல்லாம் சரி வருது எண்டு மூச்சு விட, எதிர்ப்பக்க வழக்கறிஞர் எழும்பினார். நீர் ஒரு கார் செய்யிறீராம், இவரும் அதிலை பங்காளியாம், அதுக்கு எந்த மீற்றர் தெரிஞ்செடுத்தனீர் எண்டு கேட்டார். ஆர் இவருக்குச் சொன்னது எண்டு பாத்தால், சொன்னது நான்தான். வெளியிலை வாங்கிலை இருக்கேக்கை, இந்த மனிசன் ஆரெண்டு தெரியாமல், பொழுது போக வேணுமெண்டு மெக்கானிக்கல் மீற்றரின்ரை மகிமையை அரை மணித்தியாலமாய் அவருக்கு விளங்கப்படுத்தியிருந்தனான். மெக்கானிக்கல், சேர் எண்டன். அப்ப அது நம்பத்தக்க கருவிதானே, அதை நம்பித்தானே உம்மடை சொந்தக் காருக்குத் தெரிஞ்செடுத்தனீர் எண்டு கேட்டார்.

ஓம் எண்டால் கஸ்பர் போச்சு. இல்லை எண்டால் இத்தினை மாதமாய் நான் சொன்னது எல்லாம் போச்சு. கஸ்பரைப் பாத்தன். அவர் என்னைப் பாக்கேல்லை, தன்ரை சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். இசபெல் பின்னாலை செபமாலையை உருட்டிற சத்தம் கேக்குது. நான் சொன்னன், தெரிஞ்செடுத்தனான்தான், சேர், ஆனால் அதைப் பூட்டி ஓடின அண்டு நாங்கள் இருபதிலை போறமோ ஐம்பதிலை போறமோ எண்டு எனக்கே தெரியேல்லை, அதாலை ஒரு செத்த மனிசன் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது எண்டு. நடுவிலை இருந்த அம்மா பேனையைக் கீழை வைச்சிட்டு, அப்ப நீர் இனி எதைப் பூட்டுவீர் எண்டு கேட்டா.

"எலெக்ட்ரோனிக், அம்மா," எண்டன்.

அவை உள்ளுக்குப் போய்த் திரும்பி வரும்வரைக்கும் நான் சீவிச்ச சீவியத்தை உங்களுக்கு எழுதேலாது. புள்ளி போட்டினம். லைசென்ஸைப் பறிக்கேல்லை. அதைப் பறிச்சால் குடும்பம் தாங்காது, அந்தக் காரின்ரை மீற்றரிலையும் பிழை இருக்கு எண்டு அந்த அம்மா வாசிச்சா. வெளியிலை வந்து இசபெல் என்ரை கையைப் பிடிச்சு அழுதா. கஸ்பர் நன்றி எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. சத்தியம் பண்ணிப் போட்டீர் எண்டு மட்டும் சொன்னார். நீர் எண்டுதான் சொன்னவர்.

அதோடை முடிஞ்சுது எண்டுதானே நினைக்கிறியள். அடுத்த சனிக்கிழமை எலெக்ட்ரோனிக் மீற்றரையும், எர்த்துக்கெண்டு தடிச்ச வயர்ச் சுருள் ஒண்டையும் தூக்கிக்கொண்டு கராஜுக்கு வந்து நிக்கிறார். நான் சொன்னன், கோர்ட் கோர்ட், கராஜ் கராஜ். அங்கை நான் சொன்னது மடிச்சுச் செருகின கேபிளைப் பற்றி. நீளக் கேபிள் ஒண்டு வாங்கி, பெரிய வளைவாய் விட்டால், முள்ளு ஆடாது, கீச்சுச் சத்தமும் வராது. எங்கடை சில்லின்ரை அளவுக்கு மீற்றரைத் திருத்தித் தர ஆக்கள் இருக்கினம். பழுதாய்ப் போனால் கழட்டிப் பாக்கலாம், கண்ணுக்குத் தெரியும். எலெக்ட்ரோனிக் பழுதாய்ப் போனால் தூக்கி எறியிறதைத் தவிர என்ன செய்யிறது. அவர் சொல்லுறார், நீர் மூண்டு நீதவானுக்கு முன்னாலை எலெக்ட்ரோனிக் எண்டு சத்தியம் பண்ணினனீர், இனி மெக்கானிக்கல் பூட்டினால் அது பொய்ச் சாட்சியாம், முருகன் கேப்பாராம். முருகன் என்ன கேப்பார் எண்டு மன்னார்க் கத்தோலிக்கர் எனக்குச் சொல்லித்தாறார். இப்ப ரண்டு மீற்றரும் வெளியிலை, டாஷ்போர்ட்டிலை வெறும் ஓட்டை. கோடை காலம் போகுது, கார் நிக்குது.

ஆகவே அத்தான், நான் கேட்பது இதுதான். கோர்ட்டில் ஒருவன் சொன்னது அவனுடைய சொந்தக் கராஜிலும் அவனைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது என்றால், நல்ல கேபிளோடு பூட்டிய மெக்கானிக்கல் மீற்றரே சிறந்தது என்று, பெயரோடும் பழைய பதவியோடும் ஒரு வரி எழுதி, ஏயர் மெயிலில் அனுப்பி வையுங்கள். அந்த ஒரு வரிக்காக இந்தச் சிவப்புக் கார் காத்து நிற்கிறது.

அக்காவுக்கு என் அன்பு. கோடை என்றாலும் குளிர்ந்த தரையில் காலுறை இல்லாமல் நடக்க வேண்டாம் என்று சிவனேஸ் சொல்லச் சொன்னா. மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் ஆசிகள். பெரியவர்களான உங்கள் இரண்டு பேருடைய ஆசி எங்களுக்கும், முடிந்தால் கஸ்பருக்கும்.

உங்கள் அன்பு மறவாத மைத்துனன்,
குலசேகரம்

பி.கு: அத்தான், இதைத் தபால் பெட்டிக்கு மேலை வைச்சு எழுதிறன், எழுத்துக் கோணினால் குறை நினையாதேங்கோ. கடிதத்தைப் போட வாற வழியிலை கராஜ் திறந்து கிடந்தது. எட்டிப் பாத்தால், டாஷ்போர்ட்டுக்குக் கீழை கஸ்பற்றை கால் ரண்டும் நீட்டிக்கொண்டு கிடக்கு. என்ரை மெக்கானிக்கல் மீற்றரைப் பூட்டிக்கொண்டிருக்கிறார். நீளக் கேபிள் தேடி வாங்கி, ஆத்து வளைவு மாதிரி வடிவாய் விட்டிருக்கிறார். என்ன இது எண்டு கேட்டன். வெளியிலை வராமலே சொன்னார், நீர் அங்கை சொன்னது எனக்காகச் சொன்னது, மனசிலை இருந்து சொன்னதில்லை, எனக்குத் தெரியும், உம்மடை மீற்றரே இருக்கட்டும் எண்டு. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கோ. முருகனை நினைச்சுச் சத்தியம் பண்ணிச் சொன்னதை மனசிலை இருந்து சொல்லேல்லை எண்டால் நான் பொய்யன் எண்டுதானே அர்த்தம்? கழட்டும் எண்டன். மாட்டன் எண்டார். முள்ளைக் கண்டால் நெஞ்சு அடைக்கிற மனிசனை அந்த ஆட்டத்துக்கு முன்னாலை இருத்தி ஓட விடுவனோ? சத்தம் கேட்டு அயல் வீட்டுக்காரர் வெளியிலை வந்திட்டினம். தயவுசெய்து மேலை எழுதினது ஒண்டையும் கணக்கிலை எடுக்காதேங்கோ. எலெக்ட்ரோனிக் எண்டு ஒரு வரி, பதவியோடை எழுதி, உடனை அனுப்புங்கோ. சரியான பிடிவாதக்காரன் அத்தான், மெக்கானிக்கலை விட்டு ஒரு அங்குலம் அசையிறானில்லை.